ஒரு பேக்கேஜ் கெட்டால் ஃபார்மட் எதற்கு?

உபுண்டுவில் லிப்ரெஆபிஸ் திறக்கவில்லை என்றதும் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைக்காரரும் என்ன கோளாறு என்று பார்ப்பதில்லை. ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிடுகிறார். பிள்ளையின் ப்ராஜெக்ட், கல்யாணப் புகைப்படங்கள், கடைக்கணக்கு எல்லாம் போய்விடுகின்றன. துளியும் தேவையில்லாத இழப்பு இது.

டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றுக்கும் வழி ஒன்றுதான். டெர்மினலில் முதலில் சூடோ ஆப்ட் அப்டேட். அடுத்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளை ஒட்டி ரீஇன்ஸ்டால் என்று எழுதி, பிறகு பேக்கேஜின் பெயர். கோடுகளுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடாது. அந்த பேக்கேஜின் நிரல் கோப்புகள் மட்டும் புதிதாக எழுதப்படும். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் கை வைக்காது.

பெயரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லிப்ரெஆபிஸ் என்பது பல பேக்கேஜ்களைச் சேர்த்து இழுக்கும் பெயர். அதை மட்டும் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரைட்டரும் கோரும் அப்படியே கிடக்கும். கெட்ட கோப்பு எந்த பேக்கேஜுக்குச் சொந்தம் என்று டிபிகேஜி, ஒரு சிறுகோடு, பெரிய எஸ், கோப்பின் முழுப்பாதை கொடுத்துக் கேளுங்கள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்னும் வேறு வகைப் பேக்கேஜாக மட்டுமே வருகிறது. அதற்கு இந்த வழி உதவாது. உங்கள் சொந்த அமைப்புகள் கெட்டிருந்தாலும் உதவாது. வேறொரு பயனராக உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே நிரல் ஓடினால் குற்றம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது.

ரிமூவ் செய்துவிட்டு மறுபடி போடலாம் என்று நினைக்காதீர்கள். அதை நம்பியிருக்கும் மற்றவையும் சேர்ந்தே போகும். நிறுவும்போதுகூட மற்றவை நீங்கலாம்: 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் நிறுவப்போய், வந்த எச்சரிக்கையைத் தாண்டி ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று தட்டியதில் டெஸ்க்டாப்பே நீங்கியது. நீக்கப்படுபவை என்று வரும் பட்டியலை வாசியுங்கள். வாசிக்காமல் ஒய் தட்டாதீர்கள்.

நிறுவும்போது நடுவில் கரண்ட் போனால், பூட்டாக நிற்கும் லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். சூடோ டிபிகேஜி, இரு கோடு ஒட்டிய கான்ஃபிகர், ஒரு கோடு ஒட்டிய சின்ன ஏ. அது முடிந்ததும் சூடோ ஆப்ட், இரு கோடு ஒட்டிய ஃபிக்ஸ்-புரோக்கன், இன்ஸ்டால். இவ்வளவுதான். மறுபடியும் சொல்கிறேன்: பட்டியலை வாசிக்காமல் ஒய் தட்டாதீர்கள்.

கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்கில் நகலெடுத்த பிறகு போங்கள். வேலை முடிந்ததும் ஆப்ட்டின் ஹிஸ்டரி லாக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த ஆப்ட் கட்டளை எத்தனை மணிக்கு ஓடியது என்று அதில் பதிவாகியிருக்கும்.