திருத்தி வந்ததா?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல்கலைக்கழகப் பாடம் நம் லயத்து வீட்டுக்கே கைப்பேசியில் வந்தது. விரிவுரை வந்துவிட்டால் படிப்பும் வந்துவிட்டதென்று நாம் எண்ணலாகாது.

1971-இல் பாடம் நடத்தத் தொடங்கிய பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் அஞ்சலில் பாடநூல்களை அனுப்பியது. வானொலிப் பாடமும் உண்டு, நம்முடையதைப் போல. ஆனால், அங்கே தரத்தைக் காத்தது திருத்தம்தான். மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சியை ஆசிரியர் திருத்தி, குறை எங்கே என்று விளக்கி எழுதித் திருப்பி அனுப்பினார். அவர் ஒழுங்காகத் திருத்துகிறாரா என்று கவனிக்க இன்னொருவர்!

அதே ஆண்டு வெளிவளாகப் படிப்பைத் தொடங்கிய நமது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அஞ்சல்வழி மாணவர்களையும் ஆண்டுக்கொருமுறை பினாங்குக்கு வரவழைத்து வகுப்பில் அமர்த்தியது.

ஆகவே, ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்வது இதுதான். பிள்ளையிடம் "வகுப்பு முடிந்ததா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எழுதியது திருத்தி வந்ததா?" என்றும் கேளுங்கள். வராவிட்டால் விரிவுரையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான்.