பந்தைத் தொடாதவர் கணக்கு

1984-இல் டென்வரிலிருந்து ஓக்லாந்து போகும் ரயிலில் ஒரு பேரம் நடந்தது. ஒரு பக்கம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனர் டிரிப் ஹாக்கின்ஸ். எதிரே அமெரிக்கக் கால்பந்தின் புகழ்பெற்ற முன்னாள் பயிற்சியாளர் ஜான் மேடன். அவருக்கு விமானம் என்றால் பயம், அதனால்தான் ரயில். மேடன் பெயரில் ஒரு கணினி விளையாட்டு செய்யலாம் என்பது யோசனை. அன்றைய கணினிகளின் சக்திக்கு, அணிக்கு ஆறேழு வீரர்களே அதிகம் என்றார் ஹாக்கின்ஸ். பதினோரு பேரும் வேண்டும், இல்லாவிட்டால் தன் பெயர் கிடையாது என்று மேடன் பிடிவாதம் பிடித்தார். விளையாட்டு வெளிவர 1988 ஆகிவிட்டது.

மேடனின் பிடிவாதத்தில் ஒரு விஷயம் இருந்தது. அந்த ஆட்டத்தில் பந்து ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற பத்துப் பேரும் சும்மா நிற்பதில்லை.

நாம் பார்க்கும் கால்பந்து அல்ல இது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தை எறியலாம், அல்லது கையில் வாங்கிக்கொண்டு ஓடலாம். ஓடுபவர் ரன்னிங் பேக். நடுவில் ஆளுக்குச் சுமார் 140 கிலோ கனக்கும் ஐந்து பேர் எதிராளிகளைத் தள்ளி அவருக்குச் சந்து திறந்துவிடுவார்கள். மைதானத்தின் ஓரத்தில், கிட்டத்தட்ட 90 கிலோ எடையில், வேகமான ஒருவர் தனியாக நிற்பார். அவர்தான் வைட் ரிசீவர். எறியும் பந்தைப் பிடிப்பது அவர் தொழில். ஓட்டம் என்று முடிவாகிவிட்டால் அவருக்கு வேறு வேலை: தன் எதிரே நிற்கும் கார்னர்பேக்கை மறிக்க வேண்டும்.

இந்த மறிப்பில் முரட்டுத்தனத்தைவிட நடிப்புதான் அதிகம். பந்தைப் பிடிக்கப் போகிறவர் போலவே முழு வேகத்தில் பாய்வார். ஏமாந்த கார்னர்பேக் பின்வாங்குவார். ஓட்டம்தான் என்று அவருக்கு உறைக்கும் நேரத்தில், ரிசீவர் இரண்டடி முன்னால் நின்று, இடுப்பைத் தாழ்த்தி, கண்ணாடியில் தெரியும் உருவம்போல எதிராளியின் அசைவையெல்லாம் அசைவார். கை மார்புக்கு நேராக இருக்க வேண்டும். தோளுக்கு வெளியே சட்டையைப் பிடித்தால் பத்து கெஜம் அபராதம். பின்னால் ஓடிவருபவர் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனால் ஓடிவருபவருக்கு இவர் முதுகு தெரியும், அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவது என்று முடிவெடுப்பார். எதிராளியைக் கீழே வீழ்த்த வேண்டியதில்லை. ஒரு விநாடி தாமதப்படுத்தினால் போதும். அந்த ஒரு விநாடியில் ஓடுபவர் எட்டு கெஜம் போயிருப்பார்.

இதைக் கணினிக்குள் கொண்டுவருவது எப்படி? மேடன் வரிசை விளையாட்டுகளில் ஒவ்வொரு வீரருக்கும் மறிக்கும் திறனுக்கு 99 வரை மதிப்பெண் உண்டு. சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது: எல்லாருடைய மதிப்பெண்ணையும் கூட்டி, அதற்கேற்ப ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் தூரத்தைச் சேர்த்துவிடலாம். சராசரி சரியாக வரும். ஆட்டம்தான் பொய்யாகிவிடும்.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை. ஓரமாகப் போகும் 100 ஓட்டங்களில் 85, கார்னர்பேக்கை எட்டும் முன்பே மூன்று மூன்று கெஜத்தில் முடிந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி 15-இல் மறிப்பு பலித்தால் 20 கெஜம், பலிக்காவிட்டால் 6 கெஜம். ரிசீவர் பத்துக்கு நான்கு முறை வெல்பவர் என்றால் மொத்தம் 429 கெஜம், ஓட்டத்துக்கு 4.29. பத்துக்கு ஆறு முறை வெல்பவர் என்றால் 4.71. வித்தியாசம் அரை கெஜத்துக்கும் குறைவு. ஆனால் உள்ளே பாருங்கள். அந்த 85 ஓட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது ஒன்றுதான்: 20 கெஜப் பாய்ச்சல்கள் ஆறிலிருந்து ஒன்பதாகிவிட்டன. நல்ல ரிசீவர் சாதாரண ஓட்டத்தைச் சற்று நீட்டுவதில்லை. அபூர்வமான நெடும் ஓட்டத்தை அடிக்கடி நடக்க வைக்கிறார். சோம்பேறி வழியோ எல்லா ஓட்டத்துக்கும் அரை கெஜத்தை மோர் மாதிரி ஊற்றிப் பகிர்ந்துவிடும்.

நடுவரிசை வீரர்களை மதிப்பிட ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் ஆய்வாளர்கள் வகுத்த கணக்கும் இதை ஒட்டியே போகிறது. நான்கு கெஜம் வரை முழுப் பெருமையும் நடுவரிசைக்கு, ஐந்திலிருந்து பத்து வரை பாதி, பதினொன்றிலிருந்து ஒன்றுமே இல்லை. அங்கே தொடங்குகிறது ரிசீவரின் ராஜ்ஜியம்.

யாரையும் தொடாமலே அவர் உதவும் வழியும் உண்டு. 2018-இல் ஷான் மெக்வே பயிற்றுவித்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, பெரும்பாலான முயற்சிகளில் மூன்று ரிசீவர்களைக் களமிறக்கியது. அவர்களில் ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப் இருவரும் மறிக்கத் தயங்காதவர்கள். மெக்வே அவர்களை ஓரத்தில் விடாமல் நடுவரிசைக்கு நெருக்கமாக நிறுத்தினார். மூன்று பேர் பந்து பிடிக்க வரலாம் என்றால், எதிரணி கனமான ஓர் ஆளை வெளியே அனுப்பி, இலேசான ஒருவரைக் கொண்டுவரத்தான் வேண்டும். நடுவில் சுவர் மெலிகிறது. அந்தப் பருவத்தில் அணியின் ரன்னிங் பேக் டாட் கர்லி பந்தோடு ஓடி இறுதிக்கோட்டைத் தாண்டிப் போட்ட டச்டவுன்கள் 17, லீக்கிலேயே அதிகம். எதிரணி ஆள் மாற்றும் இந்தத் தர்க்கம் இல்லாத சிமுலேஷனில், ரிசீவரின் மறிப்புக்குப் பாதி மதிப்புதான்.

இப்போது கணினி கற்பனை செய்யவும் வேண்டியதில்லை. தேசிய கால்பந்து லீக்கில் வீரர்களின் தோள் கவசத்துக்குள் சில்லுகள் இருக்கின்றன. விநாடிக்குப் பத்து முறை அவர்கள் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. பந்து கைமாறும் நொடியில் 22 பேரும் எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறார்கள் என்பதை வைத்து, ஓட்டம் எத்தனை கெஜம் போகும் என்று சொல்ல முடியுமா? 2020-ஆம் ஆண்டின் பிக் டேட்டா பவுல் போட்டியின் கேள்வி இது. ஜெயித்தவர்கள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிலிப் சிங்கரும் டிமிட்ரி கோர்தேயெவும். ஓடுபவர் நீங்கலாகத் தாக்கும் அணியின் பத்துப் பேரை எதிரணியின் பதினோரு பேரோடு இணைத்து 110 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளியும் வேகமும். கிட்டத்தட்ட அவ்வளவுதான். விடையாகக் கிடைத்ததும் ஒற்றை எண் அல்ல, இத்தனை கெஜத்துக்கு இத்தனை வாய்ப்பு என்ற நீண்ட பட்டியல். நெடும் ஓட்டம் அதன் ஓரத்தில் தனக்கென ஓர் இடத்தோடு இருக்கிறது.

ஆனால் பந்து கைமாறும் நொடியில் ரிசீவர் இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறார். இடுப்பு தாழவில்லை, கை மார்பைத் தொடவில்லை. அவர் நிற்கும் இடம் கணினிக்குத் தெரியும், அவர் செய்யப்போகும் வேலை தெரியாது. அவர் அபாரமாக மறித்து, எதிர்பார்த்த ஐந்து கெஜம் இருபத்தைந்தாகிவிட்டால், மிச்சமான இருபது கெஜத்துக்கு 'எதிர்பார்ப்பைவிடக் கூடுதல் ஓட்டம்' என்று பெயரிட்டு ஒருவர் கணக்கில் வரவு வைப்பார்கள். ஓடியவர் கணக்கில்.