செயற்கை மார்பகத்துக்கு மெடிகேர் தரும் 400 டாலர்

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த எல்லாப் பெண்களும் மறுசீரமைப்பு அறுவை செய்துகொள்வதில்லை. இன்னொரு முறை கத்தி வேண்டாம் என்று, பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். அதை ஒப்பனைப் பொருளாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் எடை குறைந்தால் பிரா மேலே ஏறிக்கொள்ளும், தோளும் கழுத்தும் வலிக்கலாம். சிலிகானில் செய்ததை, மறுபக்கத்தின் எடைக்கு ஈடாகப் பார்த்து வாங்குவது அதனால்தான்.

ஆஸ்திரேலியாவில் முன்பு இதற்கான உதவி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. 2008இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே திட்டத்தைக் கொண்டுவந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர், அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பதிவு பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். வருமானம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். அறுவை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் தடையில்லை.

கணக்கு இப்படி: ஒரு செயற்கை மார்பகத்துக்கு அதிகபட்சம் 400 டாலர், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 350 டாலருக்கு வாங்கினால் 350 திரும்ப வரும். 480 கொடுத்திருந்தால் மீதி 80 உங்கள் கையிலிருந்துதான். இரண்டு மார்பகங்களும் அகற்றப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் நீங்கள் பணம் கட்டி வாங்க வேண்டும். பிறகு ரசீதோடு விண்ணப்பித்தால் வங்கிக் கணக்கில் பணம் வரும். சிகிச்சைக்காக வேலைக்கு விடுப்பு போட்டு, சம்பளம் குறைந்த மாதத்தில் 400 டாலரை முன்கூட்டி எடுத்துவைப்பது எல்லாருக்கும் சுலபமில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இதை இலவசமாகவே கையில் கொடுத்துவிடுகிறது. அந்த வழியே மேல் என்பது என் எண்ணம். மேலும், 2008இல் 400 டாலர் வாங்கிய அளவுக்கு இன்றைய 400 டாலர் வாங்காது.

செயற்கை மார்பகத்தை வைப்பதற்குப் பை தைத்த பிரா இந்தத் தொகையில் சேராது. அறுவை செய்து உள்ளே பொருத்தும் இம்பிளான்ட்டும் சேராது. தனியார் காப்பீட்டின் கூடுதல் பலன்களில் பிராவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கடைக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

அறுவைப் புண் ஆறும் வரை சிலிகான் வைக்க முடியாது. பஞ்சு போன்ற லேசான ஒன்றைத்தான் வைப்பார்கள். ஆஸ்திரேலிய மார்பகப் புற்றுநோய் வலையமைப்பு அதையும் மென்மையான பிராவையும் ஒரே பெட்டியில் இலவசமாகத் தந்துவந்திருக்கிறது. மருத்துவமனையில் உள்ள மார்பகப் பராமரிப்புச் செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார்.