நிற்கட்டும் வண்டி

திருவண்ணாமலையிலிருந்து சென்னை சென்று திரும்பும் பிள்ளைகள், சென்ட்ரல் நிலையத்தில் எடுத்த வந்தே பாரத் வண்டியின் படங்களை என்னிடம் காட்டுவதுண்டு. 1873-இல் திறக்கப்பெற்ற நிலையம். 2022 நவம்பரில் அங்கிருந்து மைசூருக்கு ஓடத் தொடங்கிய வண்டி. நல்ல சேர்க்கைதான். ஆயினும் பல படங்களில் வண்டி கலங்கித் தெரிகிறது.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5 மீட்டர். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி புகுந்தால், அதற்குள் வண்டி 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நேரத்தைக் குறைக்கலாமெனின், கூரையடியில் வெளிச்சம் போதாது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. கைப்பேசியின் அகலக்கோண வில்லை, அருகில் வந்துவிட்ட வண்டியையும் சிறிதாக்கித் தொலைவில் உள்ளதுபோல் காட்டும். திரையையே நோக்குபவன் இன்னும் தூரமிருப்பதாக எண்ணி நடைமேடை விளிம்புக்கு நகர்கிறான். மின்வண்டியோ பழைய நீராவி எஞ்சினைப்போல் இரைந்து எச்சரிப்பதில்லை.

சென்ட்ரல், தண்டவாளம் முடியும் இடம். வந்த வண்டி நின்றே தீர வேண்டும். நிற்கட்டும். மஞ்சட் கோட்டுக்கு இப்பாலிருந்து எடுங்கள். வெண்ணிற வண்டி படத்தை நிறைத்தால் கருவி அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒளியளவைச் சற்றே கூட்டிக்கொள்ளுங்கள்.