காற்றுக்கும் பில்லா?

இறம்பொடையில் தண்ணீர் மீற்றர் வாசிக்கப் போகிறவருக்கு முழங்கால் பலமாக இருக்க வேண்டும். கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறும் ஏ5 வீதியோரம் ஒரு வீடு என்றால், அடுத்த வீட்டுக்குத் தேயிலைக்குள் படியிறங்க வேண்டும். மழை நாளில் அட்டைக்கடி வேறு. ஆளே போக வேண்டாம், மீற்றரே கணக்கை அனுப்பிவிடும் என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

ஆனால் மீற்றருக்குள் இருக்கும் குட்டி ரேடியோவின் சமிக்ஞை பனிமூட்டத்தைத் தாண்டுமே தவிர மலையைத் தாண்டாது. குழிக்குள் வைத்து இரும்பு மூடி போட்டால் அந்த மூடியைத் தாண்டுவதே பெரும்பாடு. எட்டாதபோது திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். பத்து வருடம் உழைக்கும் என்று சொல்லி விற்ற பற்றரி பாதியிலேயே படுத்துவிடும். பிறகு அதே படியில் ஆள்தான் இறங்க வேண்டும்.

இதெல்லாம் பொறியியலாளர் பாடு. நமக்குக் கவலை காற்று.

மேட்டு லயங்களுக்குத் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வரும். நின்றதும் பைப்புக்குள் காற்று புகுந்துகொள்ளும். மறுபடி திறந்துவிட்டால் தண்ணீர் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். குழாய் புஸ்ஸென்று சீறும், குடத்தில் ஒரு சொட்டு விழாது, மீற்றர் சக்கரம் மட்டும் பம்பரமாய்ச் சுற்றும். "தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்துக்குப் பில்லு போட்டுருது தம்பி" என்று குழாயடியில் ஓர் அக்கா சொன்னால் சிரிக்காதீர்கள். சக்கரத்துக்குக் காற்றும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

ஆள் வந்து வாசித்தால் இதை நேரே கேட்கலாம். "அஞ்சு நாளா தண்ணியே இல்ல, எப்படி இவ்வளவு?" என்றால் குனிந்து பார்ப்பார், ஒழுக்கு இருந்தால் காட்டுவார். ரேடியோவிடம் யார் கேட்பது? முழுத் தோட்டத்துக்கும் ஒரே விலாசம், கடிதமே தோட்ட ஆபீஸைச் சுற்றி வருகிற இடத்தில், பக்கத்து வீட்டு மீற்றரின் கணக்கு நம் பேரில் ஏறினாலும் பில் வந்த பிறகுதான் தெரியும்.

இரவில் ஓடும் ஒழுக்கைக் கணினி கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். உண்மைதான், ரேடியோ மீற்றர் வரட்டும். அதற்கு முன் பைப் ஏறி இறங்கும் மேடுகளில் காற்று வால்வு வைக்கட்டும். ஒலியலையால் அளக்கும் மீற்றரில் சக்கரமே கிடையாது; வெறும் பைப்பைக் கண்டால் எண்ணுவதை நிறுத்தும்படியும் செய்யலாம். விலை கூடத்தான். அந்த விலையைக் காற்றுக்குக் காசு கட்டுகிறவர் தலையில் ஏற்றக் கூடாது.

அதுவரை மாதா மாதம் ஒரே தேதியில் மீற்றரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பில்லுக்குக் கணக்கு கறுப்பு இலக்கங்கள்தான். அதில் ஒன்று கூடினால் ஆயிரம் லீற்றர். எல்லாக் குழாயையும் பூட்டிய பிறகும் முகப்பிலுள்ள சின்னச் சக்கரம் சுற்றினால், எங்கோ ஒழுகுகிறது.