பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

உக்குவளைப் பக்கம் வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச்செடுத்தால், தேத்தண்ணி ஆறுமுன்னே ஒரு கேள்வி வந்துவிடும்: "எங்க பாட்டி சாகுமட்டும் வெத்தலை போட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

கன்னத்தின் உட்புறத்துக் கலங்கள் ஓயாமல் தேய்ந்து உதிர்கின்றன. அடியில் உள்ளவை பிரிந்து புதியவற்றைத் தருகின்றன. ஒவ்வொரு தடவையும் கலம் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். அதில் பிழை விழும். பிழையுள்ள கலம் பெருகாமல் காப்பவையே புற்றடக்கிப் பரம்பரையலகுகள். 17ஆவது நிறமூர்த்தத்திலுள்ள டிபி53 அவற்றுள் முக்கியமானது. டிஎன்ஏ சேதமானால் அதன் புரதம் கலப்பிரிவை நிறுத்தும். சேதத்தைத் திருத்த முடியாவிட்டால் அந்தக் கலத்தையே சாகவைக்கும். 9ஆவது நிறமூர்த்தத்திலிருந்து வரும் பி16 புரதம், கலம் பிரியத் தொடங்குவதையே தடுக்கும்.

தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வோர் அலகிலும் நமக்கு இரண்டு பிரதிகள். ஒரே மலைக்கு இரண்டு கங்காணிகள் மாதிரி: ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். இருவரும் இல்லாதபோதுதான் ஆபத்து. குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து, அமெரிக்க மருத்துவர் அல்ஃபிரட் நட்சன் 1971இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். அக்குழந்தைகளில் சிலர் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கிறார்கள். வாய்ப் புற்று பெரும்பாலும் அப்படியல்ல. பிறந்த பிறகு வாயிலேயே சேரும் பழுது அது.

சேர்ப்பது எது? வெற்றிலையோடு மெல்லும் பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளிலிருந்து, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் நைத்ரோசமைன்கள் எச்சிலில் உண்டாகின்றன. சுண்ணாம்பு சேர்ந்தால், பாக்கிலிருந்து டிஎன்ஏவைத் தாக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. புகையிலை தன் பங்குக்கு வேறு நைத்ரோசமைன்களைக் கொண்டுவரும். "நான் பொயிலை சேர்க்கிறதில்லை" என்பவர்களுக்கும் இதில் விலக்கில்லை. பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஆனால் எந்தக் கலத்தில், எந்த அலகில் அடி விழும் என்பது தற்செயல். ஒரே கலத்தில் பல அடிகள் சேர்ந்தால்தான் புற்று. பாட்டிக்கு அவை ஓரிடத்தில் சேரவில்லை, அவ்வளவுதான். போடும் ஒவ்வொரு வாயும் அது சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணும் புற்றுகளில் வாய்ப் புற்று முன்னிற்க முக்கிய காரணம் இந்தப் பழக்கமே.

நல்ல செய்தியும் இதற்குள்ளேயே உண்டு. அடிகள் சேர வருடக்கணக்காகும். அதற்குள் வாய் பெரும்பாலும் அடையாளம் காட்டிவிடும்: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிவு, வாய் திறக்க இறுக்கம். இவற்றைக் காணப் பெரிய கருவி வேண்டாம். பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்களாலேயே கண்டுபிடிக்க முடியும் என்று சமன் வர்ணகுலசூரியவும் தோழர்களும் இலங்கையில் செய்த ஆய்வு 1984இல் காட்டியது.

நோகும்வரை காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ திட்டோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை நமக்குத் தூரமில்லை. பாக்கை இன்றைக்கே விடுங்கள். நாற்பது வருடம் போட்டவருக்கும் அது பிந்திய முடிவல்ல.