கூட்டு விளைவு என்றால் என்ன?

'கூட்டு விளைவு' என்றதும் நமக்குப் பூசணிக்காய்க் கூட்டுதான் ஞாபகம் வரும். இது வேறு. தனித்தனியே இருந்தபோது இல்லாத ஒரு குணம், இரண்டு பொருள் சேர்ந்ததும் உண்டாவதைச் சொல்கிற சொல்.

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில் இது உயிர் போகிற சமாசாரம். தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். பிறகு, குரோம் ஏற்றுமுன் ஆசிட்டில் ஊறவைப்பார்கள். இந்த இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது! "வாடை போயிடுச்சே" என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். வீட்டுக்காரர் அங்கே வேலை செய்கிறாரா? தொட்டியில் இறங்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்புங்கள்.

நம் வீட்டிலும் உண்டு. பளிச்சென்று ஆகட்டுமே என்று பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும். குழந்தைகளுக்கு மூச்சுத் திணறிவிடும்.

நல்ல கூட்டும் இருக்கிறது. கீரையை இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால், அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறைந்துவிடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்களேன்.